பிக்கப் இருக்கட்டும், பிரேக்கை முதலில் பாருங்கள்

கேள்வி: பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரின் ஃபிரேமை வெட்டிக் குறுக்கி, சின்னச் சக்கரம் போட்டு ஒருவர் செய்து வைத்திருந்த வண்டியை வாங்கியிருக்கிறேன். என் 9 வயது மகன் எங்கள் தென்னந்தோப்புக்குள் ஓட்டுவதற்காக. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஐடிலிங்கிலேயே முன்னால் நகர்கிறது. பிரேக்கும் சுமார்தான். சைலன்சரை மாற்றினால் பிக்கப் ஏறும் என்கிறார் மெக்கானிக். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பிக்கப் பேச்சே வேண்டாம். பெரிய ஆளையும் பின்னால் ஒரு மூட்டையையும் சேர்த்து இழுக்கிற 70 சிசி இன்ஜின் அது. உங்கள் மகனுக்கு இப்போதே அதிகம். குறைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், வண்டி தானாக நகர்வதை நிறுத்தியாக வேண்டும். பயந்த குழந்தை ஆக்சிலேட்டரை விட்டுவிடும். விட்ட பிறகும் வண்டி போகுமானால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வண்டியில் கிளட்ச் தானியங்கி. இன்ஜின் வேகமெடுத்தால் உள்ளிருக்கும் ஷூக்கள் (உராய்ந்து பிடிக்கும் கட்டைகள்) விரிந்து டிரம்மைப் பிடிக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துவிடும். ஐடிலிங்கில் நகர்ந்தால், ஒன்று ஐடிலிங் கூடுதலாக இருக்கிறது, இல்லை அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. முதலில் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் ஐடிலிங்கைக் குறைத்துப் பாருங்கள். குறையவே மறுத்தால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்று புகுகிறதா என்று சோதியுங்கள். இடைவெளியை அடைக்கும் கேஸ்கட், அட்டை வெட்டிப் போட்டதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஐடிலிங் சரியாகியும் நகர்ந்தால் கிளட்சைப் பிரித்து ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதுதான். ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் மெல்லச் சுற்றலாம், தவறில்லை. தரையில் ஓர் அங்குலமும் நகரக் கூடாது.

குறுக்கிய வண்டிகளில் நான் முதலில் தேடுவது ஆக்சிலேட்டர் கேபிளைத்தான். வண்டி குட்டையாகிவிடும், கேபிள் பழைய நீளத்திலேயே எங்கோ வளைத்துச் செருகப்பட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். திருப்பத்தில் வண்டி தானே சீறும். சரியான நீளத்தில் புதுக் கேபிள் போடுங்கள். கைப்பிடியை முறுக்கிக் கையை எடுத்தால் எந்த நிலையிலும் 'டப்'பென்று திரும்ப வேண்டும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. கார்புரேட்டர் மூடியைக் கழற்றினால் ஸ்லைடும் (ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறும் உருளை) அதன் மேல் ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங்கின் உள்ளே, கேபிளைச் சுற்றி, பெட்ரோலில் ஊறாத நைலான் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் ஸ்லைடு அந்த அளவுக்கு மேல் ஏறாது. முதலில் நீளமான துண்டு. பையன் பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். துண்டில் ஸ்பிரிங் சிக்கக் கூடாது, அதைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கென்றே வந்த யமஹா பிடபிள்யூ 50 வண்டியிலும் கைப்பிடியில் இதே வேலையைச் செய்ய ஒரு ஸ்க்ரூ உண்டு.

பிரேக்கில், ஷூவும் கேபிளும் புதிதாகப் போட்டால் மட்டும் போதாது. லீவர் அவன் விரலுக்கு எட்ட வேண்டும். இன்ஜினை அணைத்து, அவனை உட்கார வைத்து, நீங்கள் பின்னாலிருந்து தள்ளுங்கள். அவன் பிடித்தால் உங்களால் தள்ள முடியாமல் வண்டி நிற்க வேண்டும். நிற்காதவரை ஸ்டார்ட் செய்து கொடுக்காதீர்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வெல்டிங்கை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். ஹேண்டில் கழுத்தருகே பெயின்ட்டைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். முடி அளவு கோடு தெரிந்தாலும், துரு கோடாக வடிந்திருந்தாலும் அது விரிசல். மேலே பூசி மறைக்காமல், குழாயின் உள்ளே ஸ்லீவ் (இன்னொரு குழாய்த் துண்டு) செருகி, பக்கத்தில் முக்கோணத் தகடு வைத்து வெல்டு செய்யும் நல்ல பட்டறைக்குக் கொண்டுபோங்கள். செயினுக்கு இருபுறமும் மூடி, சைலன்சருக்குத் தகடு, இரண்டும் கட்டாயம்.

மணிக்கட்டில் கயிற்றால் மாட்டும் கில் சுவிட்ச், அதாவது இன்ஜினை அணைக்கும் சுவிட்ச், ஒன்றும் வேண்டும். இந்த இன்ஜினில் கில் ஒயரை பாடியில் தொட்டால்தான் ஆஃப் ஆகும். ஆகவே கயிறு கழன்றதும் தொடர்பு சேரும் வகை சுவிட்ச் வாங்குங்கள். தொடர்பு விட்டுப்போகும் வகை இதற்கு உதவாது. பையன் விழுந்தால் இன்ஜின் அந்த நொடியே அடங்கும்.

பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் ஊற்றுவது எப்போதும் நீங்கள்தான். ஹெல்மெட் அவன் தலை அளவுக்கு வாங்குங்கள், உங்களுடையது ஆடும். சைக்கிளைப் பக்கச் சக்கரமில்லாமல் ஓட்டத் தெரியாத பிள்ளை என்றால், முதலில் சைக்கிள்தான்.

தோப்பு வாசலைத் தாண்டி வண்டி சாலைக்கு வரவே கூடாது. தெரு முனைக் கடை வரைக்கும்கூட. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஃபிரேம் வெட்டிய வண்டி என்பது தனிக் குற்றம்.

முதல் நாள் ஓட்டி முடித்ததும் எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள், கழுத்து வெல்டிங்கை இன்னொரு தடவை பாருங்கள். வெட்டி ஒட்டிய வண்டியில் முதல் ஓட்டத்திலேயே ஏதாவது தளரும்.