பால் ஊறவில்லை என்ற கவலை

கேள்வி: சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. முதலில் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், இப்போது தளர்ந்துவிட்டது. சாயங்காலமானால் குழந்தை ஓயாமல் அழுகிறாள். பால் பத்தவில்லை என்று அத்தை சொன்னதால், ராத்திரியில் இரண்டு முறை பவுடர் பால் கொடுக்கிறோம். பால்சுறா, பூண்டு சாப்பிட்டும் பலனில்லை. மாத்திரை உண்டா?

பதில்: மார்பு தளர்ந்ததை வைத்துப் பால் வற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். குழந்தையின் தேவைக்கேற்பச் சுரப்பு சீரானதும் அந்தக் கட்டு தானே குறையும். மாலை அழுகையும், விடாமல் மார்பைத் தேடுவதும் இந்த வயதில் சகஜம்.

எனக்குக் கவலை தருவது ராத்திரி பாட்டில்தான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். அப்போது குழந்தை குடிக்காவிட்டால் பால் மார்பிலேயே தேங்கும். தேங்கத் தேங்க உடம்பு சுரப்பைக் குறைக்கும். அடுத்த வாரம் இன்னொரு பாட்டில் தேவைப்படும்.

அதற்காக இன்றே நிறுத்திவிட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பாருங்கள். நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறி, ஆறு முறையாவது சிறுநீர் நன்றாகப் போனால், பவுடர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாராவாரம் எடை பாருங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 முறை மார்பில் விடுங்கள். காம்பை மட்டும் சப்பினால் உங்களுக்கு வலிக்கும், அவளுக்குப் பால் வராது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி உள்ளே போய், தாடை மார்பில் பதிய வேண்டும். விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவு செய்தும் எடை ஏறாவிட்டால் காரணம் தேட வேண்டும்: தைராய்டு குறைவு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருப்பது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் சில சளி மாத்திரைகளும்கூடப் பாலைக் குறைக்கும். பால் சுரக்கக் கொடுக்கப்படும் டோம்பெரிடோன் மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும். பூண்டு சாப்பிடலாம், சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் பால்சுறாவைத் தவிர்ப்பது நல்லது. எப்படியும் மார்பைக் காலி செய்யாமல் அவை மட்டும் பாலைக் கூட்டாது.

உண்மையிலேயே பால் குறைவாக இருந்தால் பவுடர் பால் சேர்ப்பதில் தவறே இல்லை. அளவை மருத்துவர் சொல்வார். குழந்தை எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அத்தையிடம் ஒன்று கேளுங்கள்: பால் கொடுத்ததும் குழந்தையை அவர் வாங்கிக்கொண்டு, உங்களை இரண்டு மணி நேரம் தூங்கவிடட்டும்.