அதிகம் பறக்காத செஸ்னா 172 சிறு விமானத்துக்கும் 4 மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். பல செஸ்னா 172-களில் இருக்கும், ஆயில் ஃபில்டர் உள்ள லைக்கமிங் எஞ்சினுக்கு 50 மணி நேர ஓட்டம் அல்லது 4 மாதம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. சும்மா நிற்கும் எஞ்சினில் ஈரமும் அமிலமும் ஆயிலில் சேர்ந்து வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வடியுங்கள், அழுக்கும் கூடவே இறங்கும். என்னைக் கேட்டால், ஆயிலைவிடப் பழைய ஃபில்டர்தான் முக்கியம். தயவுசெய்து அதைத் தூக்கிப் போடாதீர்கள்! கட்டரால் வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. கேம்ஷாஃப்டின் கேமோ, அதன்மேல் உரசும் டாப்பெட்டோ தேய்ந்துகொண்டிருக்கலாம். மெக்கானிக் பார்க்கும்வரை பறக்க வேண்டாம்.

புது ஃபில்டரை முறுக்கி, அது கழலாமல் சேஃப்டி வயர் கட்டி, எஞ்சினைச் சற்று ஓட்டிக் கசிவு இல்லையென்று பார்த்த பிறகே எஞ்சினின் வெளி மூடியான கவ்லிங்கை மூடுங்கள்.