மோட்டார் ஓடுனா போர்டு ரீஸ்டார்ட் ஆகுது, ஏன்?

கேள்வி: சார், ராஸ்பெர்ரி பை பைக்கோங்கிற குட்டி கன்ட்ரோலர் போர்டு மேல, மோட்டாரை ஓட்டுற ரோபோடிக்ஸ் போர்டு மாட்டி மைக்ரோபைத்தான்ல (குட்டி போர்டுக்கான பைத்தான்) ரெண்டு வீல் வண்டி பண்றேன். எல்இடி நல்லா எரியுது, ஆனா மோட்டாரை முன்னாடி ஓட்டுன உடனே புரோகிராம் மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. சர்வோவும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற மோட்டார்) நடுங்குது. கோட்ல என்ன தப்பு?

பதில்: அநேகமா கோட்ல தப்பே இருக்காது, பவர்தான் காரணம். நின்ன இடத்துல இருந்து கெளம்பும்போது மோட்டார் ஓடுறப்ப இழுக்குறதை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், யூஎஸ்பி ஒயர்ல மட்டும் ஓட்டுனீங்கன்னா அந்த நொடி வோல்டேஜ் தடால்னு எறங்கி பைக்கோ ரீசெட் ஆயிடும். ரோபோடிக்ஸ் போர்டோட பவர் டெர்மினல்ல தனி பேட்டரி குடுங்க, தனித்தனியா பவர் குடுத்தாலும் பைக்கோ, ரோபோடிக்ஸ் போர்டு ரெண்டுக்கும் கிரவுண்ட் (மைனஸ்) ஒயர் ஒண்ணா சேரணும், இதை விட்டுட்டுத்தான் பல பேர் ராத்திரி பூரா கோடை மாத்திட்டு உக்காந்திருக்காங்க, பாவமா இருக்கும். அப்புறமும் சர்வோ நடுங்குனா அதுக்குப் போற பல்ஸ் சிக்னலோட ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ்தானான்னு பாருங்க. 20 மில்லிசெகண்ட்ல 1.5 மில்லிசெகண்ட் பல்ஸ் போனா நடுவுல நிக்கும், கோட்ல முழு அளவு 65535-ன்னா அது 4915. வேலை முடிஞ்சதும் மெயின்.பை (main.py)-ங்கிற பேர்ல பைக்கோ போர்டுலயே சேவ் பண்ணுங்க, கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடும்.