நிறப் பென்சிலில் மனித உருவம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

படங்களை அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. அநேகமாக ஒவ்வொருவரும் நிறத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது உருவத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை. அது தவறினால் எந்த நிறமும் கைகொடுக்காது.

வெள்ளவத்தை, தரம் 10 மாணவி: அக்கா, அம்மம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவுவதை நேரில் பார்த்து வரைந்தேன். முகம் அவரேதான் என்கிறார்கள். ஆனால் ஆள் மிதப்பதுபோல் இருக்கிறது. நிழலை இன்னும் கறுப்பாக்கட்டுமா?

வேண்டாம் பிள்ளை. கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இடது பெருவிரல் சிரட்டையின் விளிம்பைச் சுற்றி மடங்கியிருக்கிறதே, அதை உற்றுப் பார்க்காத ஒருவரால் வரைய முடியாது. அந்த இடத்தில் அழிறப்பர் படவே கூடாது.

மிதப்பதற்குக் காரணம் தொடை. அம்மம்மா உங்களை நோக்கி இருப்பதால் முழங்கால்கள் உங்கள் பக்கம் நீள்கின்றன. அப்படி நீளும்போது தொடை மிகவும் குறுகித் தெரியும். தொடை நீளமானது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அறிவு கண்ணை மறைத்துவிட்டது. கையை முழுதாக நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையின் உயரத்தைப் பென்சிலில் பெருவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவை முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று கண்டு திகைப்பீர்கள்.

இரண்டாவது, முதுகு. தேங்காயை அழுத்தித் திருவும்போது தோள்கள் முன்னே வரும், முதுகு வளையும். நீங்கள் புகைப்படத்துக்கு இருப்பவர்போல் நிமிர்த்தி வைத்துவிட்டீர்கள்.

பிறகு நிழல். உடலின் பாரம் பலகையில் இறங்கும் இடத்தில் சேலை நெரிந்திருக்கும். அங்கே துணிக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய கோடு. படத்திலேயே அதிகம் இருண்ட இடம் அதுவாக இருக்கட்டும். கடும் நீலத்தின் மேல் கடும் மண்ணிறம் போதும். அந்த ஒரு கோடு வந்தவுடன் அம்மம்மா பலகையில் இருந்துவிடுவார். மறுபடி வரைந்து அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: பெட்டியில் உள்ள 'தோல் நிறம்' எங்கள் ஒருவருக்கும் பொருந்தவில்லை. எந்தப் பென்சிலை வாங்குவது?

அந்தப் பென்சிலை எடுத்து வையுங்கள். இம்முறை வந்த படங்களிலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள் இளஞ்சிவப்பாக இருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தோலுக்கென்று ஒரு பென்சில் கிடையாது. முதலில் செம்மஞ்சளை மிக மெல்லியதாகப் பூசுங்கள். அதன் மேல் செம்மண்ணிறம். நிழல் விழும் பக்கத்தில் ஊதா அல்லது கடும் நீலம். எல்லாவற்றையும் இணைக்கக் கடைசியில் மண்ணிறம். கறுப்பை மட்டும் வைத்து இருட்டாக்கினால் முகத்தில் கரி பூசியதுபோல் ஆகும்.

கருமையான தோலில் ஒளி கூர்மையாக விழும்: நெற்றி, மூக்குத்தண்டு, காறை எலும்பு. அந்த இடங்களில் தாளை வெறுமையாக விட்டுவிட வேண்டும். ஜன்னல் பக்கம் இருப்பவரானால் வானத்தின் மெல்லிய நீலமும் அங்கே தெரியும்.

கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் பவுண்டேஷனாக இருக்கிறது. 1943 இல் கொழும்பில் உருவான '43 குழு' ஓவியர்களின் படைப்புகளை அங்கே காணலாம். ஒருமுறை போய், ஏதாவதொரு முகத்தின் நிழலில் எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

தெஹிவளை வாசகர்: இரண்டு அடுக்குக்கு மேல் நிறம் ஏறாமல் வழுக்குகிறது.

அழுத்திவிட்டீர்கள். தாளின் பள்ளங்கள் நிறப் பென்சிலில் உள்ள மெழுகால் நிரம்பிவிட்டால் அடுத்த நிறத்துக்குப் பிடிமானம் இல்லை. உங்கள் தாளும் போட்டோக்கொப்பித் தாள்போல் தெரிகிறது. 160 ஜிஎஸ்எம் (தாளின் பாரத்தைக் குறிக்கும் அளவு) அல்லது அதற்கு மேல், நகத்தால் தடவினால் சற்றே சொரசொரக்கும் தாளை எடுங்கள். பென்சிலைப் பின்னால் தள்ளிப் பிடித்தால் கை தானாகவே இலேசாகும். கூர் மழுங்க விடாமல், சிறு சிறு வட்டங்களாக ஐந்தாறு அடுக்குப் பூசுங்கள். முழு அழுத்தமும் கடைசி அடுக்குக்கு மட்டுமே.

நிறம் பூசுமுன் சாதாரணப் பென்சில் கோடுகளை, மாவைப்போல் பிசையக்கூடிய அழிறப்பரால் ஒற்றி மங்கலாக்கிவிடுங்கள். மெழுகுக்கு அடியில் சிக்கிய கோட்டை அழிப்பது மிகக் கடினம். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தாள் தொய்ந்துவிடும் என்பதால் மீதித் தாள்களைப் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள்.

மட்டக்குளி வாசகி: ரீச்சர், என் மருமகன் ஐந்து வயதுப் பிள்ளை. படத்தில் குள்ளமான பெரிய ஆள்போல் வந்துவிட்டான்.

தலை சிறிதாகிவிட்டது. வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. ஐந்து வயதில் ஐந்தரை அளவில் இருக்கும். வளர்ந்தவருக்குக் கண்கள் தலையின் நடுவில். சிறுவருக்கு அதற்குச் சற்றுக் கீழே.

மருதானை வாசகர்: புகைப்படத்தின் மேல் தாளை வைத்துப் பிரதி எடுத்துப் பழகலாமா?

எடுக்கலாம், ஆனால் கண் பழகாது. கோட்டை புகையிரத நிலையத்துக்கு ஒரு கொப்பியுடன் போங்கள். ரயிலுக்காக நிற்பவர்களை ஆளுக்கு இரண்டு நிமிடமாக வரையுங்கள். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்பவருக்கு அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், தோள் தாழும். தொண்டைக்குழியிலிருந்து நேர்கோடு இறக்கினால் பாரம் தாங்கும் காலடிக்குக் கிட்ட விழும். முகம் வேண்டாம், நிறமும் வேண்டாம்.

பம்பலப்பிட்டி வாசகி: சட்டமிட்டு மாட்டிய படத்தில் இளஞ்சிவப்புச் சேலை வெளிறிவிட்டது. மேலே பூசலாமா?

இளஞ்சிவப்பும் ஊதாவும் வெயிலில் எளிதில் வெளிறும். மண் நிறங்கள் நிலைக்கும். சில தயாரிப்புகளில் பென்சிலின் மேலேயே நட்சத்திரக் குறிகள் இருக்கும். குறி கூடினால் நிறம் நீண்ட காலம் தாங்கும். பழைய மெழுகின் மேல் பூச வேண்டாம். புதிய தாளில் வரைந்து, ஜன்னலுக்கு எதிரே இல்லாத சுவரில் மாட்டுங்கள்.