ரிஸ்க் மேனேஜ்மென்ட் படிக்க நகையை அடகு வைக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எக்ஸ்பிரஸ்வே, மெட்ரோ மாதிரி பெரிய திட்டங்களில் ரிஸ்க் மேனேஜ்மென்ட் வேலைக்குத்தான் போவேன், அதற்கு ஒரு வருஷ டிப்ளமோ சேர வேண்டும் என்கிறாளாம். ஃபீஸ் லட்சக்கணக்கில். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

இப்போது வேண்டாம் அம்மா. துறை நல்ல துறைதான், உங்கள் பெண்ணின் ஆசையிலும் தப்பில்லை. ஆனால் சைட்டையே பார்க்காத பிள்ளையை நம்பி அந்த வேலையைக் கொடுக்க மாட்டார்கள்.

பாலாற்றில் ஒரு பாலம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மணல்தான் தெரியும். வெளியூர் கான்ட்ராக்டர் கம்பி, ஷட்டரிங் சாமான் எல்லாவற்றையும் ஆற்றுக்குள்ளேயே இறக்கிவிடுவார். 2021 நவம்பரில் அதே ஆற்றில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த டிசம்பரில் திருவலம் பக்கம், பாலாற்றில் கலக்கும் பொன்னையாற்றின் ரயில்வே பாலத்தில் பழுது தெரிந்து, காட்பாடி வழியே ஓடும் பல ரயில்களை ரத்து செய்தார்கள்.

ரிஸ்க் பார்ப்பவர் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எத்தனை நாள் வேலை நிற்கும், எவ்வளவு பணம் போகும், அஸ்திவாரத்தை எந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு. இந்தப் பட்டியல்தான் ரிஸ்க் ரெஜிஸ்டர். வேலை நகர நகர இதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை கையெழுத்து வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற கம்பெனிகளும் உண்டு, அது வேறு கதை.

வெள்ளத்தைவிடப் பெரிய தலைவலி நிலம். 508 கி.மீ. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மகாராஷ்டிரப் பகுதியில் நிலம் கைக்கு வராமல் வருஷக்கணக்கில் வேலை தேங்கியது. நம் பக்கம் ராணிப்பேட்டை வழியாக வரும் 262 கி.மீ. சென்னை–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே மாதிரி ஒரு சாலைக்கும் நிலம், வனத்துறை அனுமதி, மின்கம்பம் மாற்றுவது, மண் எடுக்க அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆபீஸ். ஒன்று தாமதமானால், அந்த நஷ்டம் யார் தலையில் என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும். ஹைப்ரிட் ஆன்யூட்டி முறையில் கட்டும் சாலைகளில், கட்டும் காலத்தில் அரசு தருவது 40 சதவீதம். மீதியைக் கம்பெனி கடன் வாங்கிப் போட்டு, பிறகு பல வருஷத் தவணையில் வாங்கிக்கொள்ளும். வேலை இழுத்தால் வட்டி ஏறும். ஆகவே உங்கள் பெண் கான்கிரீட் அளவுக்கு ஒப்பந்தத்தையும் படிக்கப் பழக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஆளைத் தூக்கிவிடுவது அதுதான்.

சரி, எங்கே தொடங்குவது? எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று திட்டமிடும் பிளானிங் இன்ஜினியர், அல்லது முடிந்த வேலைக்குக் கணக்குப் பார்த்து பில் போடும் பில்லிங் இன்ஜினியர் வேலை. இப்போதே எக்செல், வேலை அட்டவணை போடும் பிரைமவேரா சாஃப்ட்வேர் இரண்டையும் கற்றுக்கொள்ளட்டும். மூன்று வருஷம் போன பிறகு பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் மாதிரித் தேர்வுகள் எழுதலாம். பட்டதாரிகளுக்கு அதை எழுதவே மூன்று வருஷ அனுபவம் கேட்கிறார்கள். மேலே படிப்பதுதான் ஆசை என்றால், சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் கட்டுமான மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. அதற்கான கேட் நுழைவுத் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பத்தை அதற்குப் பல மாதம் முன்பே போட்டுவிட வேண்டும்.

பெண் பிள்ளை வெயிலில் சைட்டில் நிற்பாளா என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. பிளானிங் வேலை பெரும்பாலும் சைட் ஆபீஸில்தான். ஆனாலும் தினம் ஒரு நடை சைட்டுக்குப் போய் வந்தால்தான் ஆபீஸில் எழுதுகிற தேதிக்கு மதிப்பு. தங்கும் இடம், போக்குவரத்து, கழிப்பறை வசதி மூன்றையும் ஆஃபர் லெட்டர் வந்ததும் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் அந்த டிப்ளமோ. ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் நடக்கும் பல படிப்புகள் வங்கிக் கடன், இன்ஷூரன்ஸ் பற்றியவை. சிலபஸை வாங்கிப் பாருங்கள், கட்டுமான ஒப்பந்தம் பற்றி ஒரு பாடமாவது இருக்கிறதா என்று. போன வருஷம் அனுபவமே இல்லாமல் சேர்ந்தவர்கள் இப்போது எந்தக் கம்பெனியில், என்ன பதவியில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.