வெயில் இருக்கிறது, சாயங்காலம்தான் சிக்கல்

‘மலேசியா சோலாருக்கு மாறினால் லாபமா, நட்டமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூர் (கேஎல்) செந்தூலில் எங்கள் வீட்டுக் கூரையில் 2022 முதல் எட்டு பேனல் கிடக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மாறலாம்.

காலை பதினொரு மணிக்குப் போனில் பார்த்தால் 3 கிலோவாட் ஓடும். நாலு மணிக்குக் கேஎல்லின் வழக்கமான இடி மழை. மேகம் கவிந்ததுமே 0.3-க்கு இறங்கிவிடும். ஏழரைக்குச் சுழி. நாங்கள் ஏர்கோன் போடுவதோ அதற்கப்புறம்தான். உச்சி வெயிலில் பேனல் சூடேறினால் உற்பத்தி கொஞ்சம் குறையும் என்பதும் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் ஜெர்மனிக்காரர்கள் பாட்டைப் பாருங்கள். குளிர்காலம் வந்தால் மாதக்கணக்கில் வெயில் பஞ்சம். நமக்கு ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. ராத்திரியைத் தாண்டினால் போதும். அதற்குப் பேட்டரி இருக்கிறது, விலைதான் இன்னும் கடிக்கிறது. விடாமல் மழை பெய்யும் நாள்களுக்கு எரிவாயு நிலையங்களையும் கொஞ்ச காலம் வைத்திருக்க வேண்டும்.

இப்போது தீபகற்ப மலேசியாவின் கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. நிலக்கரி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா என்று கப்பலேறி வரவேண்டும். அங்கே விலை ஏறினால் இங்கே அடி விழும். 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்பது அரசின் இலக்கு. சரி. அதற்காகக் காட்டை வெட்டிப் பேனல் நடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூரைகளும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளும் எதற்கு இருக்கின்றன?

கூரை என்றதும் ஞாபகம் வருகிறது. பேனல் போட வந்தவர்கள் ஓட்டில் துளை போட்டுவிட்டுச் சரியாக அடைக்கவில்லை. முதல் மழையிலேயே சாமி அறையில் ஒழுகியது. போடும்போது கூடவே ஏறிப் பாருங்கள்.

நான் சேர்ந்த நெட் மீட்டரிங் திட்டத்தில், பகலில் மிஞ்சிக் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு பில்லில் ஒரு யூனிட் அப்படியே கழியும். பேட்டரி வாங்காமலே தப்பித்தேன். 2025 ஜூன் 30-ஓடு அந்தத் திட்டம் புதியவர்களுக்கு முடிந்துவிட்டது. என் தங்கச்சிக்கு அது எப்போதுமே எட்டவில்லை. பத்தாவது மாடி ப்ளாட், கூரை அவளுடையதில்லை. போன தீபாவளிக்கு வந்தவள் என் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, நீ பகல்ல அனுப்பி ராத்திரி வாங்கிக்கிற அந்தக் கம்பிக்கு நானும்தானே காசு கட்டுறேன்?”

முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.