படத்தின் முதுகும் ஓரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் டிரங்குப் பெட்டியில் புதுச்சேரிக் கடற்கரையைக் காட்டும் அஞ்சல் அட்டை ஒன்று கிடைத்தது. கடற்பாலமும் கலங்கரை விளக்கமும் தெரிகின்றன. ஆண்டு எங்கும் இல்லை. இதன் காலத்தை எப்படிக் கணிப்பது? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: படத்தைப் பார்க்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரெஞ்சு அஞ்சல் விதிப்படி 1904 வரை பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே உரியது. சேதி எழுத வேண்டியவர்கள் படத்தின் மேலேயே எழுதினார்கள். அக்கால அட்டைகளில் வானத்திலும் கடலிலும் சாய்வான கையெழுத்து ஓடுவது அதனால்தான். நடுவில் கோடு போட்டு ஒரு பாதியைச் சேதிக்கு விட்டிருந்தால், அது அதற்குப் பிற்பட்ட அச்சு. ஆனால் இது அட்டை அச்சான காலத்தைத்தான் சொல்லும். நன்றாக விற்ற படத்தை வியாபாரி பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டிருப்பார் என்பதால், படம் பிடித்த காலம் இன்னும் முந்தையதாகவும் இருக்கலாம்.

இனி முன்பக்கம். பழைய கடற்பாலம் 1860களில் எழுந்து, 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. கலங்கரை விளக்கம் 1836இல் முதன்முதலில் ஏற்றப்பட்டு 1979 வரை எரிந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை 1870இல் வைக்கப்பட்டது. மூன்றும் ஒரே படத்தில் இருந்தாலும் எண்பது ஆண்டு இடைவெளிதான் கிடைக்கும். எனவே நடுவில் நிற்கும் கட்டடங்களை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியோடு ஓரத்துக்குப் போக வேண்டும். விளக்குக் கம்பத்தில் மின்கம்பி ஓடுகிறதா? சாலையில் மோட்டார் வண்டி நிற்கிறதா, அல்லது பின்னாலிருந்து ஆள் தள்ள, உள்ளே அமர்ந்திருப்பவரே முன்னால் நீளும் கம்பியைப் பிடித்துத் திசை திருப்பிச் செல்லும் புஷ் வண்டி மட்டுந்தானா? படம் பிடித்தவர் கவனிக்காமல் விட்ட இவைதான் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கடற்கரையில் நிற்கும் ‘மேரி’ (பிரெஞ்சுக்கால நகரமன்றம்) கட்டடத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது 2014 நவம்பர் மழையில் இடிந்து, பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இன்று அதைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து உங்கள் பாட்டியின் பெட்டியில் போட்டுவைத்தால், பேரப்பிள்ளைகள் நூறாண்டு ஏமாறுவார்கள்.

கேள்வி: தானே புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, தாத்தா பாட்டி கல்யாணப் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்தெடுத்து லேமினேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் ஜெலட்டின் என்னும் மெல்லிய படலத்துக்குள் இருக்கிறது. ஈரம் பட்டால் அது பசையாகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் தாள் உங்கள் கையோடு வரும், முகம் கண்ணாடியோடு போகும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அத்தையின் படம் ஒன்றை அப்படி இழுத்து, இடது கன்னத்தையும் மூக்குத்தியையும் தொலைத்தவன் நான்.

முதலில் ஒட்டியபடியே, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி வைத்து, கண்ணாடியின் வழியாகவே நல்ல கேமராவில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்பலகையில் பூஞ்சை இருந்தால் பலகையை மட்டும் கழற்றி அப்புறப்படுத்துங்கள். படம் அட்டையில் ஒட்டியிருந்தால் அந்த அட்டையை எறியாதீர்கள். கீழே புடைப்பெழுத்தில் இருக்கும் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் உங்கள் குடும்ப வரலாற்றின் பாதி. லேமினேஷன் சூட்டையும் பசையையும் சேர்த்து ஏற்றுவது. பிறகு பிரிக்க வழியே இல்லை. பெயர் எழுத வேண்டுமானால் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

கேள்வி: பழைய பிரெஞ்சு அட்டை ஒன்றில் மூன்று பெண்கள் நிற்க, அடியில் ‘பயதேர்’ என்று அச்சிட்டிருக்கிறது. தேவதாசிகள் என்று என் ஆய்வேட்டில் குறிப்பிடலாமா? (மாணவி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அந்தச் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனது, நடனமாடும் பெண் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது. அந்தத் தலைப்பு அட்டை விற்றவருடைய பேச்சு, படத்தில் நிற்பவர்களுடையது அன்று. ஐரோப்பிய வாங்குபவர் எதை எதிர்பார்த்தாரோ அது அச்சாயிற்று. ‘பயதேர் என்று தலைப்பிடப்பட்ட படம்’ என எழுதுங்கள். பின்னால் தொங்குவது தீட்டிய திரையா, உண்மையான மண்டபமா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் இத்தகைய படங்கள் பாதுகாக்கப்படும் இடம் உண்டா? கோயில்களை நேரில் பார்க்கலாமே, பழைய படம் எதற்கு? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: நீங்கள் விருத்தாசலத்திலிருந்து கேட்பதுதான் சுவாரசியம். 1955இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரைக்கு அருகே செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது. அதன் புகைப்படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஒவ்வொரு சிலையையும் அது இருந்த இடத்திலேயே வைத்து எடுத்தவை. எடுக்கும்போது சிற்ப ஆராய்ச்சிதான் நோக்கம், திருட்டைப் பற்றிய நினைப்பே இல்லை.

உங்கள் ஊர் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கல்சிலை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திலும், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் செப்புத்திருமேனி கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்திலும் போய் நின்றபோது, அவை இங்கே இருந்தவை என்பதற்கு முக்கியமான சான்றாக அமைந்தவை இந்தக் காப்பகத்தின் படங்களே. இரண்டும் 2014இல் இந்தியா திரும்பின. சிலையின் உடைவும் தழும்பும் படத்தில் உள்ளபடியே பொருந்தும்போது, விற்றவர் காட்டும் ஆவணம் எதுவும் நிற்காது. உங்கள் ஊர்க் கோயிலில் படமெடுக்க அனுமதி உள்ள இடங்களில் மாடங்களை முகப்பிலும் இரு பக்கங்களிலும் தனித்தனியே எடுத்து, தேதியோடு வையுங்கள். தெய்வத்துக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தாத படமும் ஒன்றிரண்டு வேண்டும்.